பூபாலபிள்ளை அண்ணையின் பிரான்ஸ்

செவ்வாய்க்கிழமை காலை தொழிற்சாலையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது ஃபோர்மன் வந்து என் தோளில் தட்டி, அலுவலக அறையில் எனக்குத் தொலைபேசி அழைப்பு என்றார். ரொறன்ரோவில், ரெக்ஸ்டேலில் நான் வேலை செய்யும் அந்த இடத்துக்கு யாரும் என்னை அழைப்பதில்லை. அந்த இலக்கம் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அவரும் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வாங்கி வைத்தாரே தவிர, ஒரு நாளும் அழைத்ததில்லை. ரிசீவரை எடுத்ததும், “என்ன அண்ணை, வேலை நேரத்தில?” என்றேன்.

மறுமுனையில் இருந்தவர் அவருடைய மனைவி தங்கேஸ்வரி அக்கா.

“தம்பி, அண்ணன்...” என்று தொடங்கி நிறுத்தினார்.

“விழுந்திட்டாரோ அக்கா?” என்று கேட்டேன். சைக்கிளோடு எங்கேயோ புரண்டிருப்பார் என்றுதான் எனக்குப் பட்டது. இந்த வயதில் உது தேவையோ என்று ஏசுவதற்குக்கூட ஆயத்தமாகிவிட்டேன்.

“இல்லத் தம்பி. தேத்தண்ணி கொண்டுவந்து எழுப்பினன். எழும்பல்ல,” என்றார் அக்கா.

பூபாலபிள்ளை அண்ணை நித்திரையிலேயே காலமானார். இதயம் நின்றுவிட்டது என்று வைத்தியர் சொன்னார். அவர்கள் வீடு இருக்கும் மல்வேர்னுக்கு மூன்று பஸ் மாறிப் போகும் வழி முழுதும், ஏசுவதற்கு எடுத்து வைத்திருந்த சொற்களை என்ன செய்வதென்று தெரியாமல் நான் இருந்தேன்.

முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அச்சிடுகிறோம். தேவாரங்களும் வம்ச விபரமும் வேறு பெரியவர்கள் கையில். “நீங்க பிரான்சை எழுதுங்க தம்பி, கூடப் போனது நீங்க மட்டும்தானே,” என்றார் அக்கா. உண்மைதான். அவர் பிரான்ஸ் தேசத்துக் கிராமங்களுக்குள்ளாலும் காடுகளுக்குள்ளாலும் சைக்கிளில் போன கதையை ரொறன்ரோவில் கேளாதவர்கள் குறைவு. கேட்டு அலுத்தவர்கள்தான் அதிகம். ஆனால் அந்தக் கதையில் ஒரு பகுதியை அவர் உங்களில் ஒருவருக்கும் சொன்னதில்லை. “கோழிக்குகா, நமக்கில்ல” என்று அவர் எதற்கெடுத்தாலும் சொல்வாரே, அது எங்கிருந்து வந்தது என்றும் உங்களில் பலருக்குத் தெரியாது. அவரை அறியாதவர்களுக்காக நான் முதலிலிருந்தே தொடங்குகிறேன்.

எண்பத்து மூன்று ஆடி மாதம் கொழும்பில் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. இதை வாசிக்கும் எவருக்கும் அது புதிதல்ல. அதன் பிறகு கால் போன திசையில் போனவர்களில் நாங்கள் இருவரும் சேர்த்தி. புரட்டாதி மாதம், பரிஸ் நகரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடி அறையில்தான் நான் அவரை முதன்முதலில் கண்டேன். அறை நிறையத் தமிழ்ப் பெடியள். எல்லோரும் போர்வைக்குள் சுருண்டு கிடக்க, ஒருவர் மட்டும் ஜன்னலோடு நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடிப்புக் குலையாத காற்சட்டை, சட்டைப் பையில் பேனா. கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தவர் என்பது சொல்லாமலே தெரிந்தது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

“யாழ்ப்பாணமா தம்பி?” என்று கேட்டார்.

“ஓம் அண்ணை. எப்பிடித் தெரியும்?”

“எல்லாத்திலயும் பிழை பிடிக்கிற முகம்,” என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் யாழ்ப்பாணத் தம்பி.

அவர் மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் பிறந்தவர். பேச்சு முழுக்க அந்தப் பக்கத்துக் ‘கா’வும் ‘மறுகா’வும். மனைவி ஊரில், பெற்றோருடன். பிள்ளைகள் இல்லை. அக்காவைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். வானொலியில் மட்டக்களப்பு என்ற சொல் கேட்டால் மட்டும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்.

அப்போது லுவார் நதிப் பக்கம் திராட்சை பறிக்கும் காலம். அங்கே ஒரு தோட்டக்காரர் கடதாசி கேட்காமல் ஆட்களை எடுக்கிறார் என்று அறைக்குச் செய்தி வந்தது. ரயிலில் போகலாம்தான். ஆனால் முந்தின வாரம்தான் எங்கள் அறைப் பெடியன் ஒருவனை ரயிலில் கடதாசி கேட்டு இறக்கிக் கொண்டுபோயிருந்தார்கள். எங்கள் அகதி விண்ணப்பங்களுக்கும் இன்னும் முடிவு வரவில்லை. அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட போர்த்துக்கல் நாட்டு அம்மா, மாடிப்படிக்குக் கீழே கிடந்த இரண்டு பழைய சைக்கிள்களை எறிவதா வைத்திருப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அண்ணை அவற்றைக் கேட்டு வாங்கினார். அப்போதுகூட எனக்கு அவர் எண்ணம் விளங்கவில்லை.

“சைக்கிள்ளயோ? விசரே அண்ணை உங்களுக்கு? ஒளிச்சுப் போறதெண்டால் இரவில லொறியில போவம்.”

“நாம ஒளிக்கல்லகா. ஒளிக்கிறவனைத்தான் தேடுவாங்க. நிண்டு பாக்கிறவனை ஒருத்தரும் தேடமாட்டாங்க,” என்றார். “இண்டையிலருந்து நாம சுற்றுலாக்காரர்.”

இதுதான் அவருடைய திட்டம். அந்த அம்மாவிடம் கேட்டு ஒரே ஒரு பிரெஞ்சுச் சொல்லைப் பாடமாக்கியிருந்தார்: ‘தூரிஸ்த்’. யாராவது எங்கே போகிறீர்கள் என்றால் தொப்பியைக் கழற்றி அந்தச் சொல்லைச் சொல்லவேண்டும். சுற்றுலாக்காரன் அவசரப்படமாட்டான். கோயிலைக் கண்டால் இறங்குவான், ஆற்றைக் கண்டால் பாலத்தில் நிற்பான், மாட்டைக் கண்டாலும் பார்ப்பான். ஆகவே நாங்களும் அப்படியே செய்யவேண்டும் என்றார். பிடிபடாமல் இருப்பதற்காக இரசிக்கவேண்டும் என்று சட்டம் போட்ட மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

நகரத்தை விட்டு வெளியே வந்ததும் அவர் முன்னால், நான் பின்னால். எனக்குச் சைக்கிள் பிடிக்காது. யாழ்ப்பாணத்தான் என்றால் சைக்கிளோடு பிறந்தவன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட வயதுக்கு மேல் நான் அதைத் தொட்டதில்லை. இருக்கை கல்லு மாதிரி. போகப் போக ஒவ்வொரு வாகனமும் எங்களைப் பார்த்து ஹோர்ன் அடித்தது. ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மா இரண்டு கையையும் உயர்த்திக் கத்தினார். அண்ணை தொப்பியைக் கழற்றி, “தூரிஸ்த்!” என்று கையசைத்தார்.

“நல்ல சனம்கா. வரவேற்குதுகள்,” என்று திரும்பி என்னிடம் சொன்னார்.

ஒரு வளைவில் உழவு இயந்திரம் ஒன்று நேருக்கு நேராக வந்தது. இருவரும் பீற்றூட் வயலுக்குள் போய் விழுந்தோம். இயந்திரக்காரர் இறங்கிவந்து எங்களைத் தூக்கிவிட்டார். அண்ணையின் தோளைப் பிடித்துத் தெருவுக்குக் குறுக்கே நடத்திக்கொண்டுபோய் மற்றப் பக்கத்தில் நிறுத்தினார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. காலையிலிருந்து நாங்கள் இலங்கையில் போவதுபோல இடப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தோம். அந்த நாட்டில் வலப்பக்கம்.

“இவ்வளவு நேரமும் ஏசித்தான் இரிக்குதுகள்,” என்றார் அண்ணை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆடிக்குப் பிறகு ஒரு தமிழர் அப்படிச் சிரித்ததை நான் கண்டது அன்றுதான். அதன் பிறகும், யோசனை வந்துவிட்டால் அவருடைய சைக்கிள் தானாக இடப்பக்கம் சாய்ந்துவிடும். “வலப்பக்கம் அண்ணை, வலப்பக்கம்!” என்று பின்னால் இருந்து கத்துவதே எனக்கு வேலையாகிவிட்டது.

அந்த நாட்களை இப்போது நினைத்தால், பயந்து போன பயணம் என்பதே மறந்துபோகிறது. இரண்டு பக்கமும் வரிசையாக உயர்ந்த மரங்கள், நடுவில் ஒடுங்கிய தெரு. அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் உருளைகள். தூரத்தில் ஒரு மாதா கோயில் கோபுரம் தெரியும். ஊர் வந்துவிட்டது என்று மிதித்தால் ஒரு பேக்கரி, ஒரு மணிக்கூடு, படுத்திருக்கும் ஒரு நாய், அவ்வளவுதான். மத்தியானத்தில் முழு ஊரும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போய்விடும். நாங்கள் மதிற்கரையில் இருந்து பாணைப் பிய்த்துத் தின்போம். வெயில் இளஞ்சூடாக முதுகில் விழும்.

தண்ணீர்தான் பிரச்சினை. கேட்டு வாங்கப் பயம். ஓர் ஊரின் எல்லையில் அண்ணை சைக்கிளை நிறுத்திப் போத்தலோடு ஒரு மதிலுக்குள் நுழைந்தார். எட்டிப் பார்த்தேன். சவக்காலை! கல்லறைப் பூச்சாடிகளுக்கு ஊற்றுவதற்காக அங்கே ஒரு குழாய் இருந்தது.

“அண்ணை! சவக்காலைத் தண்ணியோ? துடக்கெல்லே!”

“கல்லறைகளைப் பாருகா, எவ்வளவு துப்பரவு. செத்தவங்களுக்குக் குடுக்கிற தண்ணி நல்ல தண்ணியாத்தான் இரிக்கும்,” என்றார். நான் மூன்று ஊர் தாண்டும் வரை வீம்பாகக் குடிக்காமல் இருந்தேன். நாலாவது சவக்காலையில் அவருக்கு முன்னரே ஓடிப்போய்க் குழாயில் வாயை வைத்தேன். அதன் பிறகு எந்த ஊர் வந்தாலும் முதலில் சவக்காலை எங்கே என்றுதான் இருவரும் தேடுவோம்.

ஒரு ஊர்க் கோப்பிக் கடையில் வயதான அம்மா ஒருவர், தூரிஸ்த் என்ற சொல்லைக் கேட்டு அப்படியே மகிழ்ந்துபோனார். அந்த ஊரைப் பார்க்க இதுவரை ஒருவரும் வந்ததில்லையாம். விரலாலும் சைகையாலும் அதை எங்களுக்கு விளக்கினார். மேசையில் விரித்திருந்த கடதாசியில் நாங்கள் பார்க்கவேண்டியவற்றைப் படமாகவே கீறித் தந்தார்: பழைய பாலம், மாதா சிலை நிற்கும் சந்தி, பிறகு பெரிய காடு. காட்டைக் கீறும்போது மரம் மரமாகக் கீறிக்கொண்டே போனார். அண்ணை அந்தக் கடதாசியைப் பேனாவுக்குப் பக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டார்.

“மெய்யாவே நம்மளைச் சுற்றுலாக்காரர் எண்டு நினைச்சுப்போட்டுதுகா,” என்றார் வெளியே வந்ததும். கொஞ்சத் தூரம் போன பிறகு, “நாம அதுதானோ எண்டு எனக்கும் வருகுது,” என்றார்.

மறுநாள் காடு வந்தது. ஓக் மரங்களும் இன்னும் பெயர் தெரியாத மரங்களும். கீழே மண்ணிறமாக மாறிக்கொண்டிருக்கும் பன்னச் செடிகள், ஈர இலைகளின் வாசனை, அங்கங்கே காளான். தெருவில் எங்கள் சில்லுச் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றுமில்லை. அண்ணை பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனார். நான் கூட இருக்கையைத் திட்டுவதை நிறுத்தியிருந்தேன்.

அப்போது வெடி கேட்டது.

ஒன்று, உடனே இன்னொன்று. பக்கத்தில்தான். என்ன நடந்ததென்று எனக்கு ஒழுங்காக நினைவில்லை. நினைவு வரும்போது தெருவோர வாய்க்காலுக்குள் முகம் குப்புறக் கிடக்கிறேன். வாய் நிறைய இலைச் சேறு. எனக்கு மேலே ஒரு பாரம். அது அண்ணை. சைக்கிளை எறிந்துவிட்டு ஓடிவந்து, என்னை வாய்க்காலுக்குள் தள்ளி, எனக்கு மேலே தானே படுத்திருந்தார். இரண்டு கையாலும் என் தலையை மூடியிருந்தார். அவருடைய நெஞ்சு என் முதுகில் இடிப்பது எனக்குக் கேட்டது. “அசையாத தம்பி, அசையாத,” என்று காதுக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

எங்களுக்குள் உறவு இல்லை. ஒரே ஊர் இல்லை. ஒரு மாதப் பழக்கம்கூட இல்லை. இதை எழுதும்போது எனக்கு எழுத்துத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இலைகளை மிதித்துக்கொண்டு ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. ஒரு நாய் வந்து எங்களை மணந்தது. அதன் பின்னால் துவக்கோடு மூன்று கிழவர்கள். வேட்டைக்காரர். எங்களைக் கண்டதும் அவர்களில் இருவர் சிரிக்கத் தொடங்கினார்கள். மூத்தவர் மட்டும் அண்ணையின் முகத்தைப் பார்த்தார். சிரித்தவர்களை ஒரு சொல்லால் அடக்கினார். பிறகு தன் துவக்கை மடித்து, தூரத்தில் ஒரு மரத்தோடு சாய்த்துவிட்டு, வெறுங்கையைக் காட்டிக்கொண்டு வந்து வாய்க்கால் விளிம்பில் குந்தினார். பையைத் திறந்து, அப்போதுதான் சுட்ட ஒரு காட்டுக்கோழியைத் தூக்கிக் காட்டினார். வாலில் நீண்ட இறகு. கோழியைக் காட்டி, துவக்கைக் காட்டி, எங்களைக் காட்டி இல்லை இல்லை என்று தலையாட்டினார்.

அண்ணை எனக்கு மேலிருந்து மெல்ல எழும்பினார். காற்சட்டை முழுக்கச் சேறு.

“கோழிக்குகா,” என்றார் என்னிடம். “நமக்கில்ல.” சொன்னவர் அப்படியே இருந்து அழத் தொடங்கினார். பெரிய ஆண்கள் அழுது நான் பார்த்திருக்கிறேன். இப்படி விக்கி விக்கி அழுததைப் பார்த்ததில்லை. அந்தக் கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அழுது முடியும் வரை பக்கத்திலேயே இருந்தார். பிறகு பாணும் பாலாடைக்கட்டியும் வெட்டித் தந்தார். போகும்போது கோழியின் வால் இறகைப் பிடுங்கி அண்ணையின் சைக்கிள் கைபிடியில் செருகிவிட்டார்.

அவர்கள் போன பிறகும் நாங்கள் எழும்பவில்லை. அண்ணை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தங்கேசுக்குக் காடெண்டாப் பயம்கா. இப்ப ஆமி வந்தா முழு ஊரும் காட்டுக்குள்ளதானே ஓடுது. அங்க ஒளிச்சிரிந்து ஒளிச்சிரிந்து, மரத்தைக் கண்டாலே நடுங்குது எண்டு எழுதியிரிக்காள்,” என்றார். “அவளை ஒரு நாளைக்கு இப்பிடியொரு காட்டுக்குள்ளால கரியர்ல ஏத்திக்கொண்டு போகணும். ஒளிக்கிறதுக்கில்ல. சும்மா நிண்டு பாக்கிறதுக்கு.”

அன்றிலிருந்து அவருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

திராட்சைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பறித்தோம். முதுகு முறிந்தது. அதெல்லாம் எல்லோரும் செய்த வேலைதான். எண்பத்தைந்தில் அவர் கனடா வந்தார். சில மாதம் கழித்து நானும் வந்து பார்க்டேலில் அவருடைய அப்பாட்மென்டிலேயே ஒட்டிக்கொண்டேன். இருவருக்கும் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. சமையலறையில் யாராவது தட்டு அடுக்கைப் போட்டு உடைத்தால் தமிழ்ப் பெடியள் எல்லோரும் ஒரு கணம் விறைப்போம். அண்ணை கைகளை நுரைக்குள் விட்டபடியே, “கோழிக்குகா, நமக்கில்ல,” என்பார். ஜூலை முதலாம் திகதி, கனடா தினத்தில் வாணவேடிக்கை வெடித்தாலும் அதுதான். தெருவில் காரின் புகைக்குழாய் வெடித்தாலும் அதுதான். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் விளக்கம் சொல்லமாட்டார். என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் சிமிட்டுவார்.

முதலாவது கோடையிலேயே எங்கேயோ குப்பைக்கு வைத்திருந்த சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். பனிக்குளிரிலும் அதில்தான் வேலைக்குப் போவார். காதுவரை மூடிய கம்பளித் தொப்பியில் அந்தக் கோழி இறகு. “பாக்கிறவை என்ன நினைப்பினம் அண்ணை?” என்றால், “தூரிஸ்த் எண்டு நினைப்பாங்க,” என்பார். அந்தச் சைக்கிளில் அவருக்கு ஒரே குறை. இங்கே கரியர் என்று வருவது ஒரு மெல்லிய கம்பி. பைதான் வைக்கலாம், பெண்சாதியை வைக்க முடியாது. ஊர் மாதிரிக் கரியருக்காக ரொறன்ரோவில் அவர் ஏறி இறங்காத சைக்கிள் கடை இல்லை. கடைசியில் வெல்டிங் தெரிந்த ஓர் அண்ணையைப் பிடித்து, கட்டில் இரும்பில் ஒன்று செய்வித்தார். பழைய குளிர்கோட்டைக் கிழித்துத் தானே தைத்து அதற்கு ஒரு மெத்தையும் போட்டார். அக்கா இன்னும் ஊரில். அவரைக் கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் இழுத்துக்கொண்டே போனது. வெறும் மெத்தையோடு அந்தச் சைக்கிள் பார்க்டேலில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது.

எண்பத்தேழில் தங்கேஸ்வரி அக்கா வந்தார். விமான நிலையத்தில் அண்ணை அவர் கையிலிருந்த பையை வாங்கினார், அவ்வளவுதான். இருவரும் மல்வேர்னில் குடியேறினார்கள். நான் சனிக்கிழமைகளில் போவேன். அக்கா அன்பாகச் சோறு தருவார். ஆனால் பகலிலும் ஜன்னல் சீலை இழுத்து மூடியிருக்கும். மாடியில் யாராவது கதவை அடித்துச் சாத்தினால் கரண்டி கையிலிருந்து விழும். கடைக்குப் போனாலும் சுவரோரமாக நடப்பார். ஊரில் ஒளித்திருந்த அந்தக் காட்டில் அவர் என்ன பார்த்தார் என்று நான் கேட்டதில்லை. அண்ணையும் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

“வாகா, பிரான்ஸ் போவம்,” என்று மட்டும் ஒவ்வொரு வாரமும் கூப்பிடுவார்.

உண்மையான பிரான்சுக்குப் போகக் குடியுரிமை வரவேண்டும். அதுவரை பொறுக்க அவருக்கு முடியவில்லை. மல்வேர்னுக்குக் கிழக்கே, ரூஜ் ஆற்றை ஒட்டி ஒரு காடு இருக்கிறது. அதற்கு அப்பால் சோளத் தோட்டங்கள். அண்ணை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, பிரான்சை அப்படியே கொண்டுவந்து அங்கே வைத்துவிட்டார். இதுதான் பழைய பாலம், இதுதான் மாதா சிலைச் சந்தி, இதுதான் அந்தக் கோப்பிக் கடை என்று எனக்கும் காட்டினார். கோப்பிக் கடை இருந்த இடத்தில் ஒரு பட்ட மரம் நின்றது.

கெஞ்சிக் கேட்டதில் அக்கா ஒரு நாள் கரியரில் ஏறினார். தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. ஒரு பொலிஸ்காரர் மறித்தார். நல்ல மனிதர்தான், ஒரு சைக்கிளில் ஒருவர்தான் போகலாம், அம்மா விழுந்தால் அடிபடும் என்று பண்பாகத்தான் சொன்னார். அண்ணை தொப்பியைக் கழற்றி, எங்கள் நாட்டு வழக்கம் இது என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கம் முடிந்து திரும்பிப் பார்த்தால் கரியரில் அக்கா இல்லை. சீருடையைக் கண்ட கணமே குதித்து ஓடியிருந்தார். ஒரு வீட்டுக் கராஜுக்குப் பின்னால், குப்பை வாளிகளுக்கு நடுவில், தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குந்தியிருந்தாராம். அண்ணைதான் எனக்கு அதைச் சொன்னார். “நான் அவசரப்பட்டுப்போட்டன்கா,” என்றார். அந்த வருடம் முழுக்கச் சைக்கிள் பல்கனியில் கிடந்தது.

அடுத்த கோடையில் அவர் வேறு வழி பிடித்தார். தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். அக்கா பக்கத்தில் நடந்து வருவார். முதலில் கடை வரை. பிறகு பள்ளிக்கூடம் வரை. பிறகு காடு தொடங்கும் இடம் வரை, அதோடு திரும்பிவிடுவார்கள். “எல்லையில நிண்டு பாத்திட்டு வந்தம்,” என்று எனக்குப் போனில் சொல்வார். விசா கிடைக்காமல் திரும்பியவர் மாதிரித்தான் சொல்வார். ஆவணி மாதம் ஒரு நாள் மத்தியானம், அக்கா தானாகவே, “இதுக்குள்ள பொலிஸ் வராதா?” என்று கேட்டிருக்கிறார். வராது என்றதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரியரில் ஏறி உட்கார்ந்தாராம்.

அடுத்து நடந்ததை அக்கா எனக்கு இந்த மாதம்தான் சொன்னார். பழைய பாலத்தைத் தாண்டி, மாதா சிலைச் சந்தியும் தாண்டிப் போகும்போது ஒரு வெடி கேட்டிருக்கிறது. அப்பால் சோளத் தோட்டத்தில் பறவைகளை விரட்ட வைக்கும் வெடி அது. அக்கா அண்ணையின் சட்டையைப் பிடித்துக் கிழித்தேவிட்டார். அண்ணை சைக்கிளை நிறுத்தினார். ஓடவில்லை, படுக்கவில்லை. “கோழிக்குகா தங்கேசு, நமக்கில்ல,” என்றாராம். பிறகு அந்தப் பட்ட மரத்தடியில் அவரை இருத்தி, வாய்க்காலையும் கிழவரையும் தான் அழுததையும் முழுதாகச் சொன்னாராம். வேறு ஒருவருக்கும் சொல்லாத கதை.

“அண்ணன் அழுதாரெண்டு எனக்குத் தெரியாதே தம்பி. அவருக்குப் பயமே இல்லையெண்டுதான் நான் நினைச்சிரிந்தன். நான் மட்டும்தான் இப்பிடி எண்டு வெக்கப்பட்டுக்கொண்டிரிந்தன்,” என்றார் அக்கா.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போன் அடித்தால் யாரும் எடுப்பதில்லை. இருவரும் பிரான்ஸ் போயிருப்பார்கள்.

உடலைப் பார்வைக்கு வைத்த மலர்ச்சாலையில் அண்ணைக்குக் கோட்டும் ரையும் போட்டிருந்தார்கள். அக்கா அருகே போய், அவர் கம்பளித் தொப்பியில் இருந்த கோழி இறகை எடுத்துக் கோட்டுப் பையில், பேனா வைக்கும் இடத்தில் செருகினார். மலர்ச்சாலைக்காரர் விளங்காமல் என்னைப் பார்த்தார். “தூரிஸ்த்,” என்றேன். பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். தோளில் அந்தப் பாரம் ஏறியபோது எனக்குத் தெரிந்த பாரம் என்றுதான் முதுகு சொன்னது. தகனம் முடிந்து வெளியே வந்தபோது மதிலோரம் ஒரு குழாய் இருந்தது. எல்லோரும் காலைக் கழுவினார்கள். நான் வாயை வைத்துக் குடித்தேன்.

சாம்பலை ஏரியில் கரைத்தோம். ஒரு பிடியை மட்டும் அக்கா வைத்துக்கொண்டார். போன ஞாயிறு எனக்குப் போன் எடுத்தார்.

“பிரான்ஸ் போயிற்று வருவமா தம்பி?”

பல்கனியிலிருந்து சைக்கிளை இறக்கித் தள்ளிக்கொண்டு போனேன். அக்கா பக்கத்தில் நடந்தார். காட்டு எல்லையில் நான் ஏறச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இலைகள் சிவந்தும் மஞ்சளாகியும் விழுந்து பாதையே தெரியவில்லை. பழைய பாலத்தில் நின்று அக்கா அந்தப் பிடியை ஆற்றில் விட்டார். நான் சைக்கிள் மெத்தையில் ஒட்டிய இலைகளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது சோளத் தோட்டத்துப் பக்கம் வெடி கேட்டது.

நான் தலையைக் குனிந்து குந்திவிட்டேன். சைக்கிள் கைவிட்டு விழுந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும், எனக்கு மேலே யாரோ வந்து படுப்பார்கள் என்று என் உடம்பு காத்திருந்தது. ஒருவரும் வரவில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தேன். தங்கேஸ்வரி அக்கா பாலத்தின் நடுவில், கம்பியைக்கூடப் பிடிக்காமல், நின்று மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தில் பறவைகள் கலைந்து போயின. அவை போய் முடியும் வரை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

“எழும்புங்க தம்பி,” என்றார். “கோழிக்கு. நமக்கில்ல.”

போயிட்டு வாங்கோ அண்ணை. அக்கா நிண்டு பாக்கிறா. நீங்கள் யோசிச்சுக்கொண்டு போகாதேங்கோ. பின்னால இருந்து கத்துறதுக்கு நான் இல்லை. வலப்பக்கம் பிடிச்சுப் போங்கோ.